வேலை, சக்தி, வலு: மலையேறும் மின்கார்

மின்கலவடுக்கை முழுமையாக மின்னேற்றிய கார், அச்சக்தியால் மட்டும் செல்லும் தூரம் அதன் ஓட்டத்தூரம் எனப்படும். விளம்பரத்தில் காணும் பெறுமானம் ஆய்வுகூடத்தில் அளக்கப்படுவது. காரின் சில்லுகளை உருளைகள் மீது நிறுத்தி, குறித்த நேர அட்டவணைப்படி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுவர்.

2010 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரை எடுத்துக்கொள்வோம். (பாவித்த லீஃப் கார்கள் பின்னர் இலங்கைக்கும் இறக்குமதியாயின.) அதன் மின்கலவடுக்கு 24 கிலோவாற்று மணி சக்தி கொண்டது. ஜப்பானின் ஜேசி08 சோதனையில் அதன் ஓட்டத்தூரம் 200 கி.மீ. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அளித்த பெறுமானமோ 117 கி.மீ. கார் ஒன்றே, சோதனை வேறு. ஜேசி08 இல் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 24 கி.மீ. மட்டுமே, வளிச்சீராக்கியும் இயங்காது. அமெரிக்கர் நெடுஞ்சாலை வேகத்தையும் சேர்ப்பர். குளிர், விரைவான ஓட்டம் ஆகியவற்றைக் கருதி, கிடைத்த தூரத்தை 0.7 ஆல் பெருக்கிக் குறைப்பர்.

எனினும் இரு சோதனைகளிலும் ஏற்றம் இல்லை. நமது மலையகத்திலோ சமதரையைத் தேடித்தான் காணவேண்டும்.

உதாரணம்: ஹற்றன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1870 மீற்றர் உயரத்திலும் உள்ளன. பயணிகளுடன் காரின் திணிவு 1600 கி.கி., புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 மீ.செக்⁻² எனக் கொள்க. தலவாக்கலை, நானுஓயா ஊடாக நுவரெலியாவை அடையும்போது,

கார் பெறும் அழுத்த சக்தி = திணிவு × புவியீர்ப்பு ஆர்முடுகல் × உயரம்
= 1600 × 10 × 600
= 9 600 000 யூல்

1 கிலோவாற்று மணி = 3 600 000 யூல். ஆகவே மின்கலவடுக்கின் மொத்தச் சக்தி 86 400 000 யூல். அதில் ஒன்பதில் ஒரு பங்கு, காரை மேலே தூக்குவதற்கு மட்டுமே செலவாகிறது. உராய்வு, வளித்தடை, மோட்டாரில் வெப்பமாகும் சக்தி, நுவரெலியாக் குளிரில் இயங்கும் சூடாக்கி என்பன இதற்கு மேலதிகம். "மின்கலம் பழுது" என்று மட்டும் விடை எழுதினால் புள்ளி கிடையாது. சக்தி எங்கே சென்றது என்று காட்டுக.

இறக்கத்தில் மோட்டார் மின்பிறப்பாக்கியாகத் தொழிற்பட்டு, அழுத்த சக்தியின் ஒரு பகுதியை மின்கலவடுக்குக்குத் திருப்பி அனுப்பும். முழுவதும் திரும்பாது. மின்கலவடுக்கு ஏற்கெனவே நிறைந்திருந்தால் அதற்கும் இடமில்லை.

பயிற்சி: இதே கார் நுவரெலியாவில் முழுமையாக மின்னேற்றப்பட்டு உடனே ஹற்றனுக்கு மாறா வேகத்தில் இறங்குகிறது. அது இழக்கும் அழுத்த சக்தி எவ்வடிவங்களாக மாறும்? பிரேக் சூடாவதற்கான காரணத்தையும் விளக்குக.