இரண்டு முயலும் பதினொரு முயலும்

பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு



“தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்” என்பது பழமொழி. பிடிவாதக்காரரைக் கேலி செய்வதற்காக நம் பெரியவர்கள் சொன்னது. இந்த ஆண்டு எங்கள் வீட்டில் அந்தப் பழமொழிக்கு உதாரணமாக விளங்கியவள் நானே. “எத்தனை முயல் வந்தாலும் நான் வளர்த்துவிடுவேன், எனக்கு நேரம் இருக்கிறது, செலவும் பெரிதில்லை” என்று சாதித்தேன். அது எப்படிப் பொய்த்தது என்பதையும், அதிலிருந்து நான் கற்ற கணக்கையும் இக்கட்டுரையில் எழுதுகிறேன். முயல் வளர்க்க ஆசைப்படும் தங்கைகளுக்கு இது பயன்படுமானால் மகிழ்வேன்.

முயலைப் பற்றிச் சில செய்திகள்

நாம் வீட்டில் வளர்ப்பது ஐரோப்பிய இனத்தைச் சேர்ந்த குழிமுயல். நம் ஊர்க் காடுகளிலும் கரும்புத் தோட்டங்களிலும் ஓடும் காட்டு முயல் வேறு இனம். காட்டு முயலின் குட்டி உடம்பில் மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். வீட்டு முயலின் குட்டியோ மயிரின்றி, கண் மூடிப் பிறந்து, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்தே கண் திறக்கும். காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை ஓயாமல் அரைத்தால்தான் அவை தேய்ந்து அளவாக நிற்கும். ஆகையால் முயலுக்கு முதல் உணவு புல்லே. கேரட் அதற்குத் தின்பண்டம் போன்றது; அன்றாடச் சாப்பாடு அன்று. முயலால் வாந்தி எடுக்க முடியாது. ஒரு நாள் முழுதும் அது உண்ணாமல் இருந்தால் குடல் இயக்கம் நின்று உயிருக்கே ஆபத்தாகும். அதற்கு வியர்வையும் கிடையாது. உடல் சூட்டை நீண்ட காதுகளின் வழியாகத்தான் வெளியேற்றுகிறது. வெப்பம் 30 டிகிரிக்கு மேல் ஏறினால் துன்பப்படும். திண்டுக்கல் வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை.

நன்றாகப் பேணினால் வீட்டு முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழும். பத்தாம் வகுப்பில் நான் வாங்கும் முயல், நான் கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் நாளிலும் கூண்டில் இருந்து என்னைப் பார்க்கும். வாங்கும் அன்று இதை நான் நினைக்கவே இல்லை.

இரண்டு முயல்கள் வந்த கதை

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரம் அப்பா இரண்டு முயல்களை வாங்கித் தந்தார்கள். இரண்டும் பெட்டை, நான்கு மாதக் குட்டிகள் என்று விற்றவர் கூறினார். வெள்ளைக்குப் ‘பஞ்சு’ என்றும் சாம்பல் நிறத்துக்கு ‘மணி’ என்றும் பெயரிட்டேன். இரண்டின் விலை 600 ரூபாய். கம்பி வலைக் கூண்டுக்கு 2,800 ரூபாய். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுதானாம். எங்கள் வீட்டில் யானையைவிட அங்குசத்தின் விலைதான் அதிகம் என்று அப்பத்தா சிரித்தார்கள்.

ஜூலை மாதம் முழுவதும் நான் கணக்கு எழுதி வைத்தேன். குச்சித் தீவனம் மூன்றரைக் கிலோ, கிலோ 40 ரூபாய் வீதம் 140 ரூபாய். அகத்திக் கீரை நாளொன்றுக்கு 5 ரூபாய் வீதம் 150 ரூபாய். துடைப்பம், வைக்கோல் முதலியன 30 ரூபாய். ஆக 320 ரூபாய். அருகம்புல்லைக் கண்மாய்க் கரையில் நானே அறுத்து வந்ததால் அதற்குச் செலவில்லை.

நேரமும் அதிகமில்லை. புல் அறுக்க 15 நிமிடம், கூண்டு சுத்தம் செய்ய 10, தீனியும் தண்ணீரும் வைக்க 10, இரண்டையும் மடியில் வைத்துக் காது, கண், பல், கால் பார்க்க 10. ஆக 45 நிமிடம். காலையில் பாதி, மாலையில் பாதி. படிப்புக்கு ஒரு குறையும் வரவில்லை.

பதினொன்று ஆன கதை

செப்டம்பர் 3ஆம் தேதி காலையில் கூண்டுக்குள் பஞ்சு தன் மயிரையே பிடுங்கிப் படுக்கை போட்டிருந்தது. அதற்குள் ஐந்து குட்டிகள்! மணி பெட்டை அன்று, கடுவன் என்று அன்றுதான் தெரிந்தது. சிறு வயதில் முயலின் ஆண் பெண் வேறுபாட்டை அறிவது பழகியவர்களுக்கே கடினமாம்.

எங்கள் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஒரு வாரம் சென்று, அப்பா இன்னொரு கூண்டு வாங்கி மணியைத் தனியே வைத்தார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது. பெண் முயல் குட்டி ஈன்ற அன்றே மறுபடியும் சினை பிடிக்கக் கூடியது. அதன் சினைக்காலம் சுமார் 31 நாள். அக்டோபர் 4ஆம் தேதி பஞ்சு மேலும் ஆறு குட்டிகளை ஈன்றது. களைத்துப்போன தாய்க்குப் பால் போதவில்லை. மூன்று நாளில் இரண்டு குட்டிகள் இறந்தன. மீதி நான்கு. ஆக வீட்டில் பதினொரு முயல்கள்.

1202ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுக் கணித அறிஞர் பிபோனாச்சி தம் நூலில் ஒரு முயல் கணக்குப் போட்டார். ஒரு ஜோடி முயல் மாதந்தோறும் ஒரு ஜோடியை ஈன்று, அந்தக் குட்டிகளும் இரண்டாம் மாதம் முதல் ஈனத் தொடங்கினால், ஆண்டு முடிவில் எத்தனை ஜோடி என்பது கேள்வி. விடை 377 ஜோடி. அந்தக் கணக்கில் எந்த முயலும் சாவதில்லை. எந்த முயலுக்கும் பசிப்பதில்லை. கூண்டை யாரும் கழுவுவதுமில்லை. என் கணக்கில் இவை மூன்றும் இருந்தன.

ஒரு நாள் காலை

நவம்பர் நடுவில் கணக்குத் திருப்புதல் தேர்வு வந்தது. முந்திய நாள் மாலை சிறப்பு வகுப்பு முடிந்து வீடு சேர ஆறு மணி. அவசர அவசரமாகப் புல்லை அள்ளிப் போட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். கூண்டில் எல்லாம் முண்டியடித்துத் தின்றன. எல்லாம் தின்கின்றன என்றே எண்ணினேன்.

விடிந்தபோது இரண்டாம் ஈற்றுக் குட்டிகளில் ஒன்று மூலையில் விறைத்துக் கிடந்தது. அப்பா அதைக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் சென்று காட்டினார்கள். வயிறு உப்பியிருக்கிறது, ஒரு நாளுக்கு மேல் உண்ணாமல் இருந்திருக்கும் என்று மருத்துவர் கூறினாராம். “நேற்று உங்கள் மகள் கவனிக்கவில்லையா?” என்றும் கேட்டாராம். அப்பா என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு முயல் இருக்கும்போது ஒன்று உண்ணாவிட்டால் தட்டில் பாதிப் புல் மிஞ்சும், யாருக்கும் தெரிந்துவிடும். பதினொன்றில் ஒன்று உண்ணாவிட்டால் மற்றவை அதன் பங்கையும் தின்றுவிடும். தட்டு காலியாகவே இருக்கும். இந்தச் சிறு உண்மை எனக்கு ஒரு குட்டியின் உயிரைக் கொடுத்த பிறகே புரிந்தது.

சிஸ்டர் கேட்ட கேள்வி

தேர்வில் எனக்கு 41 மதிப்பெண். அறிவியல் சிஸ்டர் என்னைத் தனியே அழைத்து விசாரித்தார்கள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் ஆறுதல் கூறிவிட்டு, “ஜூலையில் கணக்கு எழுதினாயே, அக்டோபரில் ஏன் எழுதவில்லை?” என்று மட்டும் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. எழுதினால் தெரிந்துவிடும் என்ற பயந்தான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றிரவு அம்மாவின் கணக்கு நோட்டை எடுத்தேன். பதினொரு முயல் இருந்த ஒரு மாதத்தில், குச்சித் தீவனம் 15 கிலோ 600 ரூபாய். மழையில் புல் அறுக்க முடியாமல் வாங்கிய கீரை நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம் 600 ரூபாய். வைக்கோல், துடைப்பம் முதலியன 90 ரூபாய். மணிக்குக் காதில் சொறி வந்தபோது மருந்தும் ஆட்டோவும் 260 ரூபாய். மொத்தம் 1,550 ரூபாய். இரண்டாவது கூண்டின் விலை இதில் சேராது.

அதே பக்கத்தின் கீழே, மாதந்தோறும் “சீட்டு 1,000” என்று எழுதும் இடத்தில் அம்மா ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்கள். அவர்கள் ஜாக்கெட் தைத்துச் சேர்க்கும் பணம் அது. தீபாவளிக்கு அம்மா ஏன் புடவை எடுக்கவில்லை என்று நான் கேட்டபோது, “பிடித்த நிறம் கிடைக்கவில்லை” என்று சொல்லியிருந்தார்கள்.

அடுத்த வாரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் எழுதினேன். அப்போது இருந்தவை பத்து. புல் அறுக்க 50 நிமிடம், சுத்தம் செய்ய 40, தீனியும் தண்ணீரும் வைக்க 25. ஆக 115 நிமிடம். இதில் பாதியை முழங்கால் வலியோடு அப்பத்தாதான் செய்துகொண்டிருந்தார்கள். ‘எடுத்துப் பார்த்தல்’ என்ற இடத்தில் எழுத ஒன்றுமில்லை. ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம் என்றால் அதற்கு மட்டும் 50 நிமிடம் வேண்டும். ஆக மொத்தம் இரண்டே முக்கால் மணி நேரம். பொதுத்தேர்வு எழுதும் பெண்ணுக்கு அது எங்கிருந்து வரும்?

எடுத்த முடிவு

மூத்த குட்டிகளுக்கு டிசம்பரில் மூன்று மாதம் நிறைய இருந்தது. அதற்கு மேல் ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விட்டால் அவையும் பெருகத் தொடங்கும். மருத்துவர் பார்த்துப் பிரித்துச் சொன்னார். மூத்தவை ஐந்தில் மூன்று பெண், இரண்டு ஆண். இளையவை மூன்றில் இரண்டு பெண், ஒன்று ஆண். கடுவனுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை உண்டு. ஆனால் முயலுக்கு அதைச் செய்து பழகிய மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. தனித்தனியே வைப்பதே நம்மால் இயன்ற வழி.

சிறுமலை அடிவாரத்தில் விட்டுவிடலாம் என்று பக்கத்து வீட்டு அண்ணன் யோசனை கூறினான். கூண்டில் பிறந்த முயலுக்கு இரை தேடவும் நாய்க்குத் தப்பவும் தெரியாது. அது விடுதலை அன்று, கைவிடுதல். எனவே பஞ்சுவையும் அதன் மூத்த மகள் ஒன்றையும் வைத்துக்கொண்டு மற்ற எட்டையும் கொடுத்துவிடத் தீர்மானித்தோம்.

கேட்டு வந்த தோழியரிடம் ஒரு தாள் கொடுத்தேன். மாதச் செலவு எவ்வளவு, அதை யார் தருவார்கள், தினமும் எத்தனை நிமிடம், நீ ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், மே மாத வெயிலில் கூண்டு எங்கே இருக்கும் என ஐந்து கேள்விகள். வீட்டில் பெரியவர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். என் வகுப்புத் தோழி ஒருத்தி நிரப்பிக் கொடுத்து மூத்த பெண்கள் இரண்டையும், ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி இளைய பெண்கள் இரண்டையும் பெற்றுக்கொண்டார்கள். இன்னொருத்தி தாளை வாங்கிப் போய் இரண்டு நாள் யோசித்து, “எங்கள் வீட்டில் முடியாது, மன்னித்துக்கொள்” என்று வெறும் தாளைத் திருப்பித் தந்தாள். எங்களுள் முயலிடம் மிகுந்த அன்புள்ளவள் அவளே என்று நினைக்கிறேன்.

மணியையும் மூன்று ஆண் குட்டிகளையும் ஒட்டன்சத்திரத்தில் தோட்டம் வைத்திருக்கும் மாமா கொண்டு போனார்கள். அவர்கள் விற்பனைக்காக முயல் வளர்ப்பவர்கள். கறிக்கும் விற்பார்கள். அங்கே போனவை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கணக்குப் பொய்க் கணக்காகிவிடும். வண்டி புறப்பட்டபோது மணி என் கையைத்தான் முகர்ந்துகொண்டிருந்தது.

முடிவுரை

தோழியரே! முயல் வளர்ப்பது நல்ல பழக்கம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கும் முன் ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். முயலின் விலையை அல்ல, மாதச் செலவை எழுதுங்கள். புல் அறுக்கும் நேரத்தோடு, ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கும் நேரத்தையும் எழுதுங்கள். இரண்டும் பெட்டைதானா என்று மருத்துவரிடம் காட்டித் தெளியுங்கள். அந்தச் செலவையும் வேலையையும் வீட்டில் யார் சொல்லாமல் சுமக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

இப்போது மாலையில் பஞ்சுவும் அதன் மகளும் என் மடியில் பத்து நிமிடம் இருக்கின்றன. காது, கண், பல், கால் பார்க்கிறேன். தட்டில் புல் மிஞ்சியிருக்கிறதா என்றும் பார்க்கிறேன். பிறகு கணக்குப் புத்தகத்தை எடுக்கிறேன். அம்மாவின் நோட்டில் இந்த மாதம் சீட்டுக்கு எதிரே 1,000 என்று எழுதியிருக்கிறது.