லில்லிபாண்ட் பாடம்: கட்டளையை எங்கே எழுதுவது?

நம் பிள்ளைகளில் பலர் வயலினும் கீபோர்டும் மேற்கத்திய முறையில் கற்கிறார்கள். விழாவுக்குச் சேர்ந்து வாசிக்கும்போது, "17ஆவது பாரிலிருந்து தொடங்குவோம்" என்பார் ஆசிரியர். தாளில் பார் எண் இல்லாவிட்டால், பிள்ளைகள் விரல் வைத்து எண்ணுவதிலேயே ஒத்திகை நேரம் கரைந்துவிடும்.

இத்தகைய இசைத்தாளை வீட்டிலேயே அச்சிட உதவும் இலவச மென்பொருள் லில்லிபாண்ட். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்-வென் நீன்ஹாய்ஸ், யான் நியூவென்ஹாய்ஸன் இருவரும் 1996இல் தொடங்கியது. இதில் சுட்டியால் ஸ்வரக்குறி வரைவதில்லை. கடிதம் எழுதுவதுபோல் எழுத்தில் எழுதினால், அதுவே ஐந்து கோட்டில் வரைந்து தரும்.

மூன்று சூழல்கள்

லில்லிபாண்டில் 'கான்டெக்ஸ்ட்' என்பதை நாம் 'சூழல்' என்போம். முக்கியமானவை மூன்று. 'ஸ்கோர்' என்பது முழு இசை. அதற்குள் 'ஸ்டாஃப்', அதாவது ஒரு ஐந்துகோட்டு வரிசை. அதற்குள் 'வாய்ஸ்', அதாவது அந்த வரிசையில் ஓடும் ஒரு குரல். காலனி, வீடு, வீட்டிலுள்ள ஆள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். காலனிக்கான அறிவிப்பை வாசற்பலகையில் ஒட்ட வேண்டும். ஒருவர் அறையில் ஒட்டிப் பயனில்லை.

பார் எண்ணுக்கு வருவோம். நாம் எதுவும் மாற்றாவிட்டால், இரண்டாம் வரியிலிருந்து ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் மட்டும் எண் அச்சாகும். எல்லாப் பாருக்கும் எண் வேண்டுமென்று ஸ்வரங்களுக்கு நடுவே வெறுமனே 'ஓவர்ரைட்' கட்டளை எழுதினால், அது வாய்ஸ் சூழலுக்குப் போய்விடும். பார் எண் இருப்பதோ ஸ்கோரில். பிழைச் செய்தியும் வராது, எண்ணும் வராது. கட்டளையில் பார் எண்ணின் பெயருக்கு முன் 'ஸ்கோர்' என்று சேர்த்தால் வேலை முடிந்தது.

எழுதும் இடங்கள்

1. 'லேஅவுட்' பகுதிக்குள் சூழலின் பெயரைக் குறித்து எழுதினால், அவ்வகைச் சூழல் அனைத்துக்கும் பொருந்தும். ஸ்டாஃப் என்று குறித்துத் தாளக்குறியை நீக்கினால் எல்லா வரிசையிலும் மறையும்.

2. ஒரு வரிசையைத் தொடங்கும் இடத்தில் 'வித்' பகுதியில் எழுதினால், அந்த வரிசைக்கு மட்டும். 'வயலின்' என்று வாத்தியப் பெயரைத் தமிழிலேயே இங்கே கொடுக்கலாம்.

3. ஸ்வரங்களுக்கு நடுவே எழுதினால், அந்த இடத்திலிருந்து மேற்கொண்டு. முன்னால் 'ஒன்ஸ்' சேர்த்தால் அந்த ஒரு கணத்துக்கு மட்டும். 'ஓவர்ரைட்' செய்ததை 'ரிவர்ட்' மீட்கும். 'செட்' செய்ததை 'அன்செட்' மீட்கும்.

ஆகவே எழுதுமுன் இரண்டு கேள்விகள்: இந்த அமைப்பு எந்தச் சூழலுக்கு உரியது? எவ்வளவு தூரம் செல்ல வேண்டும்? முதற்கேள்விக்கு, மென்பொருளின் உள்ளமைப்புக் கையேட்டில் ஒவ்வொரு சூழலின் பட்டியலும் உண்டு.

பயிற்சி: வயலின், கீபோர்டு இரண்டுக்கும் 12 பார் எழுதுங்கள். எல்லாப் பாருக்கும் எண் வரட்டும். தாளக்குறி வயலின் வரிசையில் மட்டும் மறையட்டும். முதலாவது லேஅவுட்டில் ஸ்கோருக்கு. இரண்டாவது வயலினின் வித் பகுதியில். அச்சிட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். அடுத்த ஒத்திகையில் எண்ண வேண்டியிராது.