டிராக்டர் பிரேக் கிறீச்சிடுகிறதா? காரணம் அறிந்து சீர் செய்யுங்கள்

மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்கால்களில் முறை வந்துவிட்டால், டெல்டாவில் டிராக்டருக்கு ஓய்வு கிடையாது. காலையில் ஒரு வயல், பிற்பகலில் ஒரு வயல் என்று சேற்று உழவு தொடர்ந்து நடக்கும். பத்து நாள் இப்படி ஓடிய பிறகு, வண்டியை ரோட்டில் ஏற்றிப் பிரேக்கை மிதித்தால் 'கிறீச்' என்று சத்தம் வரும். சில வண்டிகளில் மிதிக்காமலே 'கடகட' என்று ஆடும் ஓசை கேட்கும்.

"சேத்துல ஓடின வண்டி அப்படித்தாங்க கத்தும். ரெண்டு நாள் வெயில்ல ஓடினா சரியாப் போயிடும்" என்று ஓட்டுநர் சொல்வார். சில சமயம் அது உண்மை. பல சமயம் உண்மையல்ல. எது தானாக அடங்கும் சத்தம், எது ஆபத்தை அறிவிக்கும் சத்தம் என்பதைப் பிரித்தறிவது டிராக்டர் வைத்திருப்பவருக்கு மட்டுமல்ல, வாடகைக்கு எடுப்பவருக்கும் அவசியம்.

டெல்டாவின் ரோடுகள் பலவும் ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் செல்பவை. ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் பள்ளமான வயல். கொள்முதல் நிலையத்துக்கு 40 கிலோ மூட்டை 100 ஏற்றினால் நெல்லின் எடை மட்டும் 4 டன். டிராக்டரின் எடையோ சுமார் 2 டன்தான். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால், இவ்வளவு சுமையையும் டிராக்டரின் பின்சக்கரப் பிரேக்குகளே தாங்கி நிறுத்த வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

பிரேக் தட்டு எங்கே இருக்கிறது?

மோட்டார் சைக்கிளின் டிஸ்க் பிரேக் வெளியே தெரியும்படி இருக்கும். டிராக்டரில் அப்படியல்ல. பின்பக்கம் இடம், வலம் இரண்டிலும் மூடிய பெட்டிக்குள் பிரேக் அமைந்துள்ளது. உலர் டிஸ்க் பிரேக் எனப்படும் வகையில், சுழலும் தண்டின் மீது லைனிங் ஒட்டிய இரண்டு தட்டுகள் உண்டு. அவற்றின் நடுவே இரண்டு இரும்புத் தகடுகளும், அத்தகடுகளுக்கு இடையே சரிவான குழிகளில் எஃகுக் குண்டுகளும் இருக்கும்.

பிரேக்கை மிதித்ததும் கம்பி இழுக்கப்பட்டு, தகடுகள் ஒன்றுக்கொன்று எதிராகச் சற்றுத் திரும்புகின்றன. குண்டுகள் சரிவில் ஏறுகின்றன. தகடுகள் விலகி, லைனிங் தட்டுகளைப் பெட்டியின் சுவரோடு அழுத்துகின்றன. காலை எடுத்தால் ஸ்பிரிங்குகள் தகடுகளை மீண்டும் சேர்த்துவிடும். இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது தானே விளங்கும்.

பழைய டிராக்டர்கள் சிலவற்றில் டிரம் பிரேக் உண்டு. புதியவை பலவற்றில் எண்ணெயில் மூழ்கிய டிஸ்க் பிரேக் வருகிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

சத்தமும் காரணமும்

1. முதல் இரண்டு மூன்று மிதிப்பில் மட்டும் கிறீச்சிட்டு, பிறகு அடங்கிவிடுவது: ஈரமும் மெல்லிய துருவும் காரணம். மெதுவாக ஓட்டியபடி சில தடவை இலேசாக மிதித்து விட்டால் காய்ந்துவிடும். கவலை வேண்டாம்.

2. எத்தனை தடவை மிதித்தாலும் அடங்காத கிறீச்: பெட்டிக்குள் சேறு புகுந்து காய்ந்து தூளாகியிருக்கலாம். அல்லது லைனிங் சூடேறி, மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாகியிருக்கலாம். மிதி மேலேயே காலை வைத்து ஓட்டும் பழக்கம் உள்ளவர்களின் வண்டியில் இது அதிகம்.

3. இரும்போடு இரும்பு உரசும் 'கர கர' ஓசை: லைனிங் தேய்ந்து, ரிவெட் தலையோ தட்டின் இரும்போ சுவரில் உரசுகிறது. இந்த வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது. நாள் தள்ளத் தள்ளச் சுவரில் பள்ளம் விழுந்து, லைனிங் செலவோடு போவது பெட்டிச் செலவாக முடியும்.

4. மிதிக்காதபோது ஆடும் ஓசை, மிதித்தால் நிற்பது: ஸ்பிரிங் தளர்ந்தோ ஒடிந்தோ போயிருக்கலாம். தட்டின் பல்லும் தண்டின் பல்லும் தேய்ந்திருக்கலாம். வெளியே இழுகம்பியின் பின், ஊசி தேய்ந்திருந்தாலும் இதே ஓசைதான். வெளியே உள்ளதை முதலில் பாருங்கள், செலவில்லாமல் முடியக்கூடும்.

5. மிதிக்காதபோதும் உரசல், பெட்டி சூடாவது: பிரேக் விடுபடவில்லை. மிதியில் தளர்வு இல்லாமை, நிறுத்தப் போடும் பிரேக் பூட்டை எடுக்க மறந்தது, குண்டின் குழி துருப்பிடித்தது, தட்டு தண்டின் பல்லில் துருவால் சிக்கியது ஆகியவற்றில் ஒன்று காரணம்.

6. வெட்டி வெட்டிப் பிடித்து அதிர்வது: லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்க வேண்டும். பெட்டியின் அடியில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் ஆயில் சீல் போய்விட்டது என்று அறியலாம்.

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க

டிரெய்லரைக் கழற்றிவிட்டு, சமமான உலர்ந்த களத்தில், குறைந்த கியரில் மெதுவாக ஓட்ட வேண்டும். இரண்டு மிதிகளையும் இணைக்கும் தாழை எடுத்துவிட்டு, இடது மிதியைத் தனியாகவும் வலது மிதியைத் தனியாகவும் மென்மையாக அழுத்திப் பார்க்கவும். எந்தப் பக்கம் சத்தம் என்பது தெரிந்துவிடும். ஒரு மைல் ஓட்டி நிறுத்தியபின் இரண்டு பெட்டிகளுக்கும் அருகே கையைக் கொண்டுபோனால், எது அதிகச் சூடு என்பதும் தெரியும். தொட வேண்டாம், கை வெந்துவிடும்.

பிரித்துச் சுத்தம் செய்யும்போது

சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் கட்டை முட்டுக் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பல டிராக்டர்களில் சக்கரத்தைக் கழற்றாமலே பெட்டியைத் திறக்கலாம். சக்கரத்தைக் கழற்ற வேண்டிய மாடலானால், ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கி கொடுக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கை வைத்துக்கொண்டு அருகில் நின்று பார்ப்பதே நலம்.

உள்ளே இருக்கும் தூளை வாயால் ஊதாதீர்கள். காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அதன் தூள் நுரையீரலுக்குப் பெரும் கேடு. ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியை ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்தவும்.

இரும்பு பாகங்களை டீசலில் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவைக்கலாம். லைனிங் மீது மட்டும் டீசலோ மண்ணெண்ணெயோ படக் கூடாது. வழவழப்பாகிவிட்ட லைனிங்கை முரட்டு உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து மீண்டும் பயன்படுத்தலாம். எண்ணெய் ஊறிய லைனிங்கை நெருப்பில் காட்டி எரித்துப் பயன்படுத்துவது சில இடங்களில் வழக்கம். அது தவறு. மேலே காய்ந்தாலும் உள்ளே ஊறிய எண்ணெய் சூடேறும்போது மீண்டும் கசியும். ஒட்டும் வலுவும் குறையும். முதலில் சீலை மாற்றி, பிறகு லைனிங்கை மாற்றுவதே முறை. சீலை மாற்றாமல் லைனிங் மட்டும் போட்டால் அதுவும் வீண்.

குண்டுகளிலும் அவற்றின் சரிவுகளிலும் குழிப்பட்ட தழும்பு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சரிக்கட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஸ்பிரிங் ஒன்று ஒடிந்தாலும் அந்தப் பக்கத்து ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றவும். லைனிங்கை ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது சிக்கனம் போலத் தோன்றும். ஆனால் புதியது ஒரு விதமாகவும் பழையது ஒரு விதமாகவும் பிடித்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

நாகை, வேதாரண்யம் போன்ற கடைமடைப் பகுதிகளில் உப்பு நீர் பட்ட வண்டிகளுக்குத் துரு விரைவில் ஏறும். அங்குள்ளவர்கள் ஒவ்வொரு உழவுப் பருவம் முடிந்ததும் பிரேக்கைத் திறந்து பார்ப்பது நல்லது.

இரண்டு மிதியும் சமமாக இருக்கட்டும்

மிதியை அழுத்தத் தொடங்கி, பிரேக் பிடிக்கும் வரையுள்ள தளர்வு எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். வண்டியோடு வந்த கைப்புத்தகத்தில் உள்ள அளவையே பின்பற்ற வேண்டும். இழுகம்பியின் நட்டைத் திருப்பி இதைச் சரி செய்யலாம். எந்த மாடலானாலும் இடமும் வலமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது மாறாத விதி.

சரி செய்த பின், தாழைப் போட்டு இரண்டு மிதிகளையும் இணைத்து, காலியான புழுதித் தரையில் மெதுவாக ஓட்டி மிதித்துப் பாருங்கள். தரையில் இரண்டு சக்கரத் தடமும் ஒரே நீளத்தில் விழுந்தால் சரி. ஒன்று நீண்டும் ஒன்று குறைந்தும் இருந்தால் மீண்டும் சரி செய்ய வேண்டும்.

வயலில் மூலை திரும்புவதற்காகத் தாழை எடுத்துவிடுவது வழக்கம். வயலை விட்டு வரப்பேறியதும் அதைத் திரும்பப் போட மறந்துவிடுகிறார்கள். பாரத்தோடு கரை ரோட்டில் போகும்போது அவசரத்தில் ஒரு மிதி மட்டும் அழுந்தினால், டிராக்டர் சட்டென்று ஒரு பக்கம் திரும்பும். பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளும். வண்டி வாய்க்காலில் கவிழும். சத்தமிடும் பிரேக்கைவிட, தாழ் போடாத பிரேக் கொடியது.

எண்ணெயில் மூழ்கிய பிரேக்

இந்த வகையில் தட்டுகள் கியர் எண்ணெயிலேயே சுழல்வதால் சேறு எளிதில் புகாது, தேய்மானமும் குறைவு. இதில் முனகல், அதிர்வு கேட்டால் முதலில் அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் குறைந்திருக்கலாம். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அப்போது எண்ணெயை முழுவதும் மாற்றி, பில்டரையும் கவனித்து, சீல், காற்றுத் துளை, கியர் கம்பியின் ரப்பர் உறை ஆகியவற்றில் எந்த வழியாகத் தண்ணீர் புகுந்தது என்றும் பார்க்க வேண்டும்.

விலை குறைவென்று வேறு எண்ணெயை ஊற்றினாலும் பிரேக் முனகும். இந்தப் பிரேக்குக்கு ஏற்ற பொருள்கள் கலந்த எண்ணெயே தேவை. கைப்புத்தகத்தில் சொல்லிய ரகத்தை மட்டும் வாங்கவும். மற்றொன்று: இதைக் கேள்விப்பட்டு, உலர் பிரேக்கில் சத்தம் அடங்க எண்ணெய் விட்டுவிடாதீர்கள். சத்தம் அடங்கும், பிரேக்கும் அடங்கிவிடும்.

புதிதாக வாங்குவோர், மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசுப் பரிசோதனை நிலையத்தின் அறிக்கையை விற்பனையாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். சேற்று உழவுக்குப் பின் பாகங்களுக்குள் சேறும் நீரும் புகுந்தனவா என்ற விவரம் அதில் இருக்கும்.

வாடகைக்கு எடுப்போர் கவனத்துக்கு

நெல் ஏற்றுமுன், களத்திலேயே ஒரு தடவை ஓட்டி நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். வண்டி நேராக நிற்கிறதா, 'கர கர' ஓசை வருகிறதா, தாழ் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மட்கார்டில் யாரையும், குறிப்பாகக் குழந்தைகளை, உட்கார விடாதீர்கள். பாலத்துச் சரிவில் நியூட்ரலில் இறங்க விடாதீர்கள். குறைந்த கியரில் இறங்கினால் எஞ்சினே பாதி வேகத்தைத் தாங்கிக்கொள்ளும்.

எப்போது செய்வது?

மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கமாகக் கொள்ளப்பட்ட நாள். தண்ணீர் வந்த பிறகு மெக்கானிக்குக்கும் நேரமிருக்காது. நமக்கும் பொறுமை இருக்காது. தாளடி அறுவடை முடிந்த கோடையில், வண்டி சும்மா நிற்கும்போதே பிரேக்கைத் திறந்து பார்த்துவிட வேண்டும். உழவுக் காலத்தில், தினமும் மாலையில் பின்பக்கத்துச் சேற்றைக் காயுமுன் கழுவி, கொஞ்ச தூரம் ஓட்டி இலேசாகப் பிரேக் பிடித்துக் காயவைத்து நிறுத்தினால் போதும். ஒரு குடம் தண்ணீரும் பத்து நிமிடமும்தான் செலவு. அடுத்த நாள் காலையில் வண்டி சத்தமின்றி நிற்கும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும்.