கணவாய் வளர்த்த சமுதாயம்

உழுது பயிரிட்டு வாழ்ந்த சிற்றூர்கள், தலைவரும் கைவினைஞரும் வணிகரும் எழுத்தறிவும் கொண்ட பெருஞ்சமுதாயமாக எவ்வாறு மாறின? வரலாற்றுக்கு முந்தைய ஐரோப்பாவை ஆராய்வோர் இவ்வினாவுக்குப் பொருளாதாரத்தில் விடை தேடுகின்றனர். வெண்கலம் செய்யச் செம்பும் வெள்ளீயமும் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. ஆகவே தொலைதூரப் பண்டமாற்று இன்றியமையாததாயிற்று. வழிகளைத் தம் கையில் வைத்திருந்தோர் செல்வாக்குப் பெற்றனர். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் மலையூர் உப்புச் சுரங்கத்தால் செழித்தது. அங்குள்ள கல்லறைகளில் யானைத் தந்தமும் அம்பரும் இழைத்த வாட்பிடிகள் கிடைத்துள்ளன.

இந்தப் பாடத்தைக் கற்க நாம் ஐரோப்பா வரை செல்ல வேண்டியதில்லை. கல்பாத்தி ஆற்றங்கரையில் நின்று கிழக்கே நோக்கினாலே போதும்.

மேற்குத் தொடர்ச்சி மலை நீண்ட மதிலெனில், பாலக்காட்டுக் கணவாய் அதன் அகன்ற வாயில். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இவ்வாயிலின் மேற்கே மிளகு விளையும் கடற்கரை. கிழக்கே இரும்பும் மணிக்கற்களும் கிடைக்கும் கொங்கு நாடு. ஒருபுறம் இல்லாதது மறுபுறம் இருந்தது. வணிகம் பிறக்க இதுவே போதுமான காரணம்.

உபரியின் சான்று

இடுக்கி மாவட்டத்து மறையூரில், பாறைகளின் மீது பெருங்கற்பலகைகளால் அமைந்த முனியறைகளைக் காணலாம். அத்தகைய பலகையை நகர்த்தப் பலர் கூட வேண்டும். அவர்கள் வேலை செய்யும் நாளில் அவர்களுக்கு உணவளிக்கத் தானியம் மிஞ்சியிருக்க வேண்டும். சேமிப்பு இல்லாத சமுதாயம் நினைவுச்சின்னம் எழுப்புவதில்லை.

கொடுமணலின் பட்டறைகள்

ஈரோடு மாவட்டத்தில் நொய்யலின் வடகரையில் அமைந்த கொடுமணலில், 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு நடத்தியது. இரும்பு உருக்கிய உலைகளும், பச்சைக்கல், பளிங்கு முதலியவற்றை மணியாக்கிய பட்டறைகளும் வெளிப்பட்டன. சூதுபவளம் தொலைவிலிருந்து வந்தது. பானையோடுகளில் தமிழி எழுத்தில் ஆட்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. வணிகர் குழுவைக் குறிக்கும் ‘நிகம’ என்னும் சொல்லும் ஓர் ஓட்டில் உள்ளது. உடைமை பெருகியபோது, அதற்கு உரியவர் யார் எனக் குறிக்கும் தேவையும் எழுந்தது எனலாம்.

செல்வம் எல்லோரிடமும் சமமாகச் சேரவில்லை. ஒரு கல்லறையில் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. வேறு சிலவற்றில் மட்கலங்களே மிகுதி. வணிகம் ஊரை உயர்த்தியது. ஊருக்குள் ஏற்றத்தாழ்வையும் வளர்த்தது.

முசிறிக் கடன் பத்திரம்

இச்சரக்குகள் கடல் கடந்தது எதனால்? கப்பலால் மட்டுமன்று, கடனாலும்தான். வியன்னாவில் பாதுகாக்கப்படும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்று, முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தத்தைக் காட்டுகிறது. செங்கடல் துறையிலிருந்து சரக்கை ஒட்டகத்தில் ஏற்றிப் பாலைவனம் கடத்தி, நைல் நதி வழியே அலெக்சாந்திரியா சேர்க்க வேண்டும். அங்கே கடன் கொடுத்தவரின் முத்திரையின்கீழ் வைக்க வேண்டும். தவணை தவறினால் ஈட்டுச் சரக்கை அவர் எடுத்துக்கொள்ளலாம். ஏட்டின் மறுபக்கத்தில் ‘ஹெர்மபொல்லான்’ என்ற கப்பலில் வந்த தந்தம், சடாமாஞ்சில் ஆகியவற்றின் மதிப்பும், நான்கில் ஒரு பங்குச் சுங்கமும் கணக்கிடப்பட்டுள்ளன. இன்று சரக்கை ஈடாக வைத்துக் கடன் பெறும் வணிகர் கையொப்பமிடும் நிபந்தனைகளுக்கும் இவற்றுக்கும் உள்ள ஒற்றுமை வியப்பளிக்கிறது.

நாம் கொள்ள வேண்டியது

கோவையை அடுத்த வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக்காசுகள் புதையலாகக் கிடைத்தன. அந்தச் செல்வம் மண்ணுக்குள் உறங்கியது. ஊர்களை வளர்த்தது புதைத்த காசன்று. உபரியாகச் சேர்ந்து, பட்டறையில் முதலாகி, ஒப்பந்தத்தின் நம்பிக்கையில் கைமாறிய காசே. ஆயினும் ரோமானிய வணிகம் தளர்ந்தபின் முசிறியின் பழைய பொலிவு நீடிக்கவில்லை. ஒரே சந்தையைப் பெரிதும் நம்பிய செழிப்பு அச்சந்தையோடு தேயும். சேமிப்பையும் தொழிலையும் திட்டமிடும் ஒவ்வொரு குடும்பமும் இவ்விரண்டு உண்மைகளையும் ஒருசேர நினைவிற்கொள்வது நன்று.