குதிக்கப் பயமா?

கப்பல் வேலைக்கான கடல் உயிர்காப்புப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். நீச்சல் சுமார்தான். உயரத்திலிருந்து குதிக்கவும், கவிழ்ந்த லைஃப் ராஃப்டை நிமிர்த்தவும் சொல்வார்களாமே?
– வாசகர், தூத்துக்குடி

சொல்வார்கள், நீங்களும் செய்துவிடுவீர்கள். மிதக்கவைப்பது லைஃப் ஜாக்கெட்டின் வேலை, பதறாமல் இருப்பது மட்டுமே உங்கள் வேலை. ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்தி, மறுகையால் ஜாக்கெட்டை அழுத்திப் பிடியுங்கள். கீழே பார்க்காமல், நேரே பார்த்தபடி ஓரடி எடுத்து வைத்துக் கால்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராஃப்டை நிமிர்த்தப் பயில்வான் உடம்பு வேண்டாம். கேஸ் சிலிண்டர் உள்ள பக்கம் காற்று போகும் திசையில் இருக்கட்டும். சிலிண்டர்மேல் ஏறி நின்று, அடிப்பக்கப் பட்டையைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். ராஃப்ட் மேலே விழுந்தால் மல்லாந்தபடியே நகர்ந்து வெளியே வாருங்கள்.

நீச்சல் சுமார் என்பதை முதல் நாளே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள்.