தொழில் நாடுவோர் அறிய வேண்டுவன

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது குற்றாலம். ஆனி மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் அருவிகளில் நீர் பெருகும், சாரல் தூவும். நீராட மக்கள் திரள்வர். அப்போது விடுதிகளுக்குச் சமையற்காரர் வேண்டும். எண்ணெய் தேய்த்துவிடுவோர் வேண்டும். மங்குஸ்தான், ரம்புட்டான் முதலிய பழங்களை விற்போர் வேண்டும். சுற்றுப்புறத்துச் சிற்றூரார் பலர் வேலை பெறுவர். ஆயினும், பருவம் கழிந்து அருவி மெலியும்போது அவ்வேலைகளும் மெலியும். ஆகவே, ஓரிடத்தில் வேலை மிகுதி என்று கேள்விப்பட்டவுடன், அஃது எதனால் உண்டாயிற்று, எத்தனை நாள் நிலைக்கும் என்று ஆராய்தல் வேண்டும்.

குற்றாலத்திற்கு வடக்கே உள்ளது கடையநல்லூர். அது கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். நெசவினால் கிடைத்த வருவாய் குன்றியபோது, அவ்வூரார் பலர் கடல் கடந்து சிங்கப்பூருக்குச் சென்றனர். கீழ்நாடுகளுக்கும் மேல்நாடுகளுக்கும் செல்லும் கப்பல்கள் கூடும் துறைமுகம் அது. சரக்குகளை ஏற்றவும் இறக்கவும் அங்கே ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். தறியில் பழகிய கைகள் மூட்டை சுமக்கப் பழகின. குடியேறியோர் 1941-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் சங்கத்தை அமைத்தனர். அச்சங்கம் 1946-ஆம் ஆண்டில் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியது.

1972-ஆம் ஆண்டில் தஞ்சோங் பகார்த் துறையில் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. அதன் பின்னர், பெரிய இரும்புப் பெட்டிகளில் அடைத்த சரக்கைப் பாரந்தூக்கிகள் எளிதில் ஏற்றி இறக்கின. தோள்வலியால் செய்யும் வேலை குறைந்தது. வேலை நிறைந்திருந்த காலத்திலேயே பிள்ளைகளின் கல்விக்கு வழி செய்த முன்னோரின் அறிவு இதனால் விளங்கும்.

வேலையே ஊரைத் தேடி வருவதும் உண்டு. 2011-ஆம் ஆண்டில் சோகோ என்னும் மென்பொருள் நிறுவனம் தென்காசிப் பகுதியில் பணியைத் தொடங்கியது. குற்றாலத்திற்கு அண்மையிலுள்ள மத்தளம்பாறையில் அதன் வளாகம் அமைந்துள்ளது. நெசவுக்கு நூல் வேண்டும். கப்பலுக்குத் துறைமுகம் வேண்டும். மென்பொருள் தொழிலுக்கோ மின்சாரமும் இணைய இணைப்பும் பயிற்சி பெற்ற மாந்தரும் இருந்தாற் போதும். ஆதலின் அத்தொழில் சிற்றூரிலும் நடைபெறுகிறது. பள்ளிப் படிப்பை முடித்த மாணவரைத் தேர்ந்து, பயிற்சி அளித்து, பணியில் அமர்த்தும் முறையும் அந்நிறுவனத்தில் உண்டு. ஆயினும், வாயிலில் வந்து நிற்கும் வேலையும் அதற்குரிய திறன் பெற்றவர்க்கே கிட்டும்.

எனவே, தொழில் நாடுவோர் மூன்று செய்திகளை உசாவி அறிதல் வேண்டும். அவ்விடத்தில் வேலை மிகுந்ததற்குக் காரணம் யாது? அக்காரணம் நிலையானதா, பருவத்தோடு மறைவதா? அவ்வேலைக்கு வேண்டிய திறன் தம்மிடம் உண்டா? முன்னரே சென்றோரைக் கேட்டறிந்து, இம்மூன்றையும் தெளிந்தபின் புறப்படுவோர் அயலூரிலும் தளரார். உள்ளூரிலே வாய்ப்பு இருப்பின் அதனையும் இழவார்.