டாப்ளரிடம் தப்பிய ஹைகன்ஸ்

டாப்ளர் விளைவுன்னா ஆம்புலன்ஸ் சைரன் உதாரணத்தோட நிறுத்திடுவோம், இல்லையா? சனிக்கிரகம் வரை போன ஒரு திட்டத்தையே அது கவிழ்க்கப் பார்த்தது.

1997-இல் காசினி விண்கலம், ஹைகன்ஸ் என்ற சிறிய கலத்தைச் சுமந்துகொண்டு கிளம்பியது. ஹைகன்ஸ் சனியின் நிலவான டைட்டனில் இறங்கும். அது அனுப்பும் தரவை மேலே காசினி வாங்கி வைத்து, பூமிக்கு அனுப்பும். இதுதான் பிளான்.

2000-இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனப் பொறியாளர் போரிஸ் ஸ்மெட்ஸ், ஹைகன்ஸ் அனுப்புவது போன்ற சிக்னலை பூமியிலிருந்து அனுப்பி, காசினியின் ரிசீவரைச் சோதித்தார். டாப்ளர் மாற்றத்தைச் சேர்த்ததும் தரவு குழம்பியது. ஏன்? காசினி நெருங்கும் வேகம் நொடிக்குச் சுமார் 5.5 கி.மீ. அதனால் கேரியர் அதிர்வெண் மட்டுமல்ல, பிட்கள் வந்துசேரும் வேகமும் மாறும். முதல் மாற்றத்துக்கு ரிசீவர் தயார், இரண்டாவதுக்கு இல்லை.

ரிசீவரைத் தொலைவிலிருந்து திருத்த வழியில்லை. அதனால் பாதையை மாற்றினார்கள். டைட்டனுக்கு 1,200 கி.மீ. அருகில் போகவேண்டிய காசினி, சுமார் 60,000 கி.மீ. தள்ளிப் போனது. பக்கவாட்டில் கடந்தால் நெருங்கும் வேகம் குறையும், டாப்ளரும் குறையும். 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் இறங்கியது, படங்களும் வந்தன.

உங்க ப்ராஜெக்ட்ல ஒவ்வொரு பகுதியும் தனித்தனியா ஓடுதா? சந்தோஷம். நிஜத்துல எப்படி ஓடணுமோ, அப்படியே ஒருதடவை ஓட்டிப் பாருங்க.